இரண்டு தெக்லாக்கள்

அத்தியாயம் 9: பெயர்நாள்

பிறந்தநாளை மறந்தால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். பெயர்நாளை மறந்தால் செத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள். எங்கள் கிரேக்கத்து வோலோஸ் நகரத்துக்காரர்கள் அப்படித்தான்.

செப்டம்பர் இருபத்து நான்கு, புனித தெக்லாவின் திருநாள்; அந்தப் புனிதரின் பெயரைத் தாங்கியவர்களுக்கெல்லாம் அன்று பெயர்நாள். ஊரின் நெயா இயோனியா பகுதியில், மூன்றாம் மாடியில் இருக்கும் தெலியோக்லு வீட்டில் விடிந்ததிலிருந்து ஒரே அமளி. யாரையும் அழைக்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஆனால் பால்கனி விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து வைப்பார்கள். வருகிறவர்கள் வருவார்கள், தின்பார்கள், குடிப்பார்கள், உப்பு ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

கதை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

நம் தெக்லா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் ஒன்று நடந்து, முடிந்தும் போயிற்று. கூண்டுக்குள் உட்கார்ந்தபடி, பேருந்துக்கும் பேருந்துக்கும் நடுவில், 'துணிக்கொடி' என்று ஒரு நாடகம் எழுதியிருக்கிறாள். துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்ன நாடகக் குழு அதை அக்டோபரில் மேடையேற்றப் போகிறது.

சந்தோஷமான விஷயம்தானே? அங்கேதான் கோளாறு. ஏதென்ஸில் இவளுடைய பெரியப்பா மகள் ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயரும் தெக்லா தெலியோக்லுதான். அண்ணன் தம்பி இருவரும் தங்கள் அம்மாவின் பெயரையே ஆளுக்கொரு பெண்ணுக்கு வைத்துவிட்டார்கள். பெற்றவள் பெயரை மூத்த பெண்ணுக்கு வைக்காதவன் ஒரு மகனா என்று கேட்கிற ஜனங்கள் நாங்கள்.

அந்த ஏதென்ஸ் தெக்லா தொலைக்காட்சி நடிகை. போன மாதம் ஒரு பேட்டியில், "நாடகம் எழுதியிருக்கிறீர்களாமே!" என்று தொகுப்பாளர் வாழ்த்தினார். அம்மணி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எழுத்து எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது" என்று கன்னம் குழியச் சிரித்துவிட்டுப் போனாள்.

நம் தெக்லாவுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

பந்தெலிஸ் மாலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் பிடித்தான். நாடகக் குழுவை நடத்துகிறவன் அவன்.

"பல்லாண்டு வாழ்க, தெக்லா! போஸ்டருக்குப் பெயர் முடிவு பண்ணிட்டியா?"

"இன்னும் இல்லை."

"எட்டு மணிக்கு அச்சகத்துக்காரன் மெஷினை ஓட்டிடுவான். நீ வாயைத் திறக்கலேன்னா இருக்கிற பெயரையே போட்டுடுவேன்."

"போட்டா அவதான் எழுதினான்னு ஊரே நினைக்கும்."

"நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டுமே! அரங்கம் நிறையும்ல?"

"பந்தெலிஸ்!"

"சரி, சரி, கத்தாதே. வேற பெயர் சொல்லு. ஆனா போன வாரம் சொன்னியே, அது மட்டும் வேண்டாம். ஷாம்பு பாட்டில் மேல இருக்கிற பெயர் மாதிரி இருக்கு."

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று நாலைந்து பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள் தெக்லா. ஒன்று பணக்கார மாமியார் மாதிரி ஒலித்தது. இன்னொன்று துக்க வீட்டு அறிவிப்பு. எதுவுமே வாயில் ஒட்டவில்லை. இத்தனை வருஷம் எழுதியது மேடைக்கு வரும்போது வேறு ஒருத்தியின் முகத்தோடு வந்து நிற்குமோ என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

"உள்ளேயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று வெளியிலிருந்து அப்பா கதவைத் தட்டினார்.

அர்கிரிஸ் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். கடையை மூடிப் பல வருஷமாகியும், பேசும்போது எதிராளியின் காதோரத்தைப் பார்த்தே பேசுவார். மகள் பெயர் மாற்ற நினைக்கும் சங்கதி அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"பெயரை மாத்திக்கிறது ரெண்டே பேரு. ஒண்ணு கன்னியாஸ்திரி, இன்னொண்ணு திருடன். நீ எதுல சேர்த்தி?"

"அப்பா, இன்னைக்கு வேண்டாம்."

"இன்னைக்குத்தான் வேணும். எங்கம்மா பெயர் போஸ்டர்ல வரப் போகுது. நான் அதைத் துறைமுகத்துச் சுவருல பார்த்துட்டுத்தான் கண்ணை மூடுவேன். ஆமா, சொல்லிட்டேன்."

அம்மா வாஸோ அடுக்களையில் தொத்திறைச்சியும் குடைமிளகாயும் வதக்கிக்கொண்டிருந்தாள். அவள் வாயே திறக்கவில்லை. வாஸோ பேசாமல் இருந்தால் ஏதோ வேகிறது என்று அர்த்தம். அடுப்பிலும் சரி, மனசிலும் சரி.

ஏழு மணிக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. கீழ்வீட்டு ஃபோத்தினி அம்மாள்தான் வழக்கம்போல் முதல் ஆள். தெக்லாவின் இரு கன்னத்திலும் முத்தமிட்டு, "உன் பெயர் உனக்கு இனிக்கட்டும், மகளே!" என்று வாழ்த்தினாள். பின்னாலேயே வந்தவர்களும் அதையே சொன்னார்கள். உன் பெயர் இனிக்கட்டும். உன் பெயர் நிலைக்கட்டும். அந்தப் பெயரைக் கழற்றிப் போட வழி தேடிக்கொண்டிருந்தவளுக்கு ஒவ்வொரு வாழ்த்தும் சுருக்கென்று தைத்தது. "நன்றி, நன்றி" என்று சொல்லிச் சொல்லி அவள் தாடையே வலித்தது.

சிப்புரோ சாராயப் புட்டிகள் திறந்தன. சோம்பு வாசனை வீடெங்கும் பரவியது. அந்த நேரம் பார்த்து வாசலில் திடீரென்று பேச்சு நின்றுபோயிற்று.

ஏதென்ஸ் தெக்லா நின்றுகொண்டிருந்தாள்.

ரிப்பன் கட்டிய இனிப்புப் பெட்டி ஒரு கையில், கறுப்புக் கண்ணாடி இன்னொரு கையில். அர்கிரிஸின் அண்ணன் குடும்பத்திலிருந்து ஒருவர் இந்த வீட்டு வாசற்படியை மிதிப்பது இதுதான் முதல் தடவை.

"சித்தப்பா, எனக்கும் இன்னைக்குப் பெயர்நாள்தானே? வாழ்த்து கிடையாதா?"

அர்கிரிஸ் "வா, மகளே! வா, வா! உள்ளே வா!" என்று அவளை வாரி அணைத்துக்கொண்டார்.

ஃபோத்தினி அம்மாளுக்கோ வேறு கவலை. "ஏண்டி பெண்ணே, உன் மாமியாருக்கு விஷம் வெச்சியே போன வெள்ளிக்கிழமை, அவ செத்தாளா பிழைச்சாளா? எங்கிட்ட மட்டும் சொல்லு."

"பிழைச்சுட்டா, அம்மா. நான்தான் மாட்டிக்கப் போறேன்" என்று சிரித்தாள் நடிகை. சிரித்துக்கொண்டே நம் தெக்லாவின் முழங்கையைப் பற்றி அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"தெக்லா, உன்கிட்ட பேசணும்."

"சொல்லு, தெக்லா."

"உன் நாடகத்தைப் படிச்சேன். பந்தெலிஸ் அனுப்பினான், நடிக்கிறியான்னு கேட்டு. அழுதுட்டேன். நடிப்பு இல்லை, நிஜமாத்தான்."

தெக்லாவுக்குக் கோபம் வந்தது. கூடவே, வெட்கம் கெட்ட சந்தோஷமும் வந்தது. தன் எழுத்தைப் படித்து ஒருத்தி அழுதாள் என்றால் எந்த எழுத்துக்காரிக்குத்தான் குளிராது?

"அப்ப டிவியில ஏன் 'நான் எழுதலை'ன்னு சொல்லலை?"

"சொல்ல வாய் வரலை. உனக்கென்னடி தெரியும்? அடுத்த வருஷம் சீரியல்ல என்னைக் கொன்னுடப் போறாங்க. வேற ஆள் பார்த்தாச்சு, சின்னப் பெண்ணு. நான் எழுதவும் செய்வேன்னு நாலு பேர் நினைச்சா நான் பிழைச்சுப்பேன்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போஸ்டர்ல வெறும் தெக்லா தெலியோக்லுன்னு இருக்கட்டும். என் படமும் வேண்டாம், உன் படமும் வேண்டாம். நான் கதாநாயகியா நடிக்கிறேன். யாராவது கேட்டா சிரிச்சுக்கறேன். பொய் சொல்ல மாட்டேன்."

"நீ சிரிக்கிறதே பொய்தானே!"

"உனக்கென்ன நஷ்டம்? டிக்கெட் கூண்டுல உக்காந்திருக்கிறவளுக்குப் பெயர் எதுக்கு?"

தெக்லாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. பளாரென்று ஒன்று கொடுக்கலாமா என்றிருந்தது. அதற்குள் அடுக்களை வாசலில் அப்பா நிற்பதைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை.

நடிகை சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "சித்தப்பா, நீங்களே சொல்லுங்க. அப்பா சம்மதிச்சுட்டார். நாடகத்துக்கு வரேன்னார். 'எங்கம்மா பெயர்ல நாடகம்னா எந்தத் தெக்லா எழுதினா என்ன'ன்னு கேட்டார். தம்பி கையைக் குலுக்கறேன்னும் சொன்னார்."

"அண்ணனா? அண்ணனா அப்படிச் சொன்னாரு?"

"ஆமா, சித்தப்பா."

அர்கிரிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் லெஃப்தெரிஸ் இவரோடு பேசி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. அம்மாவைப் புதைத்த அன்றுகூட ஆளுக்கொரு பக்கம் நின்றவர்கள். கிழவர் கண்ணில் நீர் தளும்பியது.

"கொடுத்துடு, மகளே" என்றார். "நான் உன்கிட்ட எதுவுமே கேட்டதில்லை. இது ஒண்ணு கேக்கறேன்."

"அது நான் எழுதினதுப்பா."

"யாரு இல்லேன்னா? எழுதினது எங்கே போயிடும்? பெயர் குடும்பத்துலதானே இருக்கப் போகுது?"

ஒத்துக்கொண்டால் அப்பாவுக்கு அண்ணன் கிடைப்பார். மறுத்தால், சாகும்வரை அந்த அண்ணனைத் தடுத்தவள் இவள்தான் என்றாகும். இதைவிடக் கழுத்தில் கத்தி வைத்திருக்கலாம்.

அர்கிரிஸ் அதோடு நிறுத்தியிருந்தால் அவள் இணங்கியிருந்தாலும் இருப்பாள். ஆனால் மனிதருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

"அந்தப் பெயர் கடவுளாப் பார்த்து உனக்குக் கொடுத்தது. கைக்குழந்தைல உனக்கு ஜுரம். நீ தாங்க மாட்டியோன்னு நினைச்சு, ராத்திரியோட ராத்திரியா பாதிரியாரைக் கூட்டிட்டு வந்து ஞானஸ்நானம் பண்ணினோம். எங்கம்மா பெயரை வெச்சோம், நீ பிழைச்சே."

"எங்கப்பா வேற மாதிரி சொல்வார், சித்தப்பா" என்றாள் நடிகை மெதுவாக. "நான் இவளுக்கு மூத்தவ. எனக்கு ஞானஸ்நானத்துக்கு நாள் குறிச்சு, விருந்துக்கு ஆடுகூடச் சொல்லியாச்சாம். அதுக்கு முந்தின வாரம் நீங்க முந்திக்கிட்டீங்க. பெயரைத் திருடிட்டான்னு சொல்வார்."

"திருட்டா? குழந்தை சாகக் கிடந்துச்சு! வாஸோ, நீ சொல்லு! ஜுரம் எப்படிக் கொதிச்சுதுன்னு சொல்லு!"

வாஸோ அடுப்பை அணைத்தாள். கையை முன்துணியில் துடைத்துக்கொண்டாள்.

"குழந்தைக்கு ஜுரமே இல்லை, அர்கிரிஸ்."

அர்கிரிஸ் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"தும்மல்கூட இல்லை" என்றாள் வாஸோ. "பால் குடிச்சுட்டுத் தூங்கிட்டிருந்தா. தட்டி எழுப்பித் தண்ணியில முக்கினே. உங்கம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க, கண்ணை மூடுறதுக்குள்ள அண்ணனுக்கு முன்னாடி நல்ல பெயர் வாங்கணும்னு உனக்கு. இத்தனை வருஷம் உன் பொய்யை நானும் சேர்ந்து சொன்னேன். இன்னைக்கு இவ கையில இருக்கிறதையும் பிடுங்கப் பார்க்கறே. இனிமே என்னால முடியாது."

அர்கிரிஸ் இந்தத் தடவை யார் காதோரத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "எப்பவும் எல்லாத்துக்கும் அண்ணன்தான் முதல்" என்றார் கடைசியில், சின்னப் பையன் குரலில். "ஒரு தடவையாவது நான் முந்தணும்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

தெக்லாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத, அழுகை கலந்த சிரிப்பு. ஒரு மாதம் முழுக்க இந்தப் பெயரை எப்படிக் காப்பாற்றுவது, எப்படி விடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டாளே, அது முதலிலேயே இவளுடையது இல்லையாம்!

தொலைபேசி அடித்தது. பந்தெலிஸ்.

"தெக்லா, மணி என்னாச்சு பார்த்தியா? அச்சகத்துக்காரன் மெஷின்கிட்ட போயிட்டான். போடட்டுமா?"

"ஒரு நிமிஷம் இரு" என்றாள். பிறகு பெரியப்பா மகளைப் பார்த்தாள். "நீ கேட்டது நியாயம்தான். அது உன் பெயர். எடுத்துக்கோ."

நடிகையின் முகம் மலர்ந்தது. "நிஜமாவா?"

"முழுசா எடுத்துக்கோ. இன்னையிலிருந்து ஊருக்கெல்லாம் தெக்லா தெலியோக்லு நீ ஒருத்திதான். என்னை அந்தப் பெயர்ல எங்கேயும் பார்க்க மாட்டே. ஆனா ஒண்ணு, இந்த நாடகத்தைத் தெக்லா தெலியோக்லு எழுதலை."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. "அப்ப யாரு எழுதினா?"

யார் எழுதினாள்? தெக்லாவுக்கே தெரியாது. தொலைபேசியைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பந்தெலிஸ் மூச்சு விடுவது கேட்டது. எந்தத் தாத்தாவும் பாட்டியும் போட்டுப் பார்க்காத ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான் என்று தோன்றியது. கல்லறையில் ஏற்கனவே செதுக்காத பெயர்.

"லீடா" என்றாள்.

"லீடா என்ன?"

"லீடா ஸகோரா."

"ஸகோராவா?" பந்தெலிஸ் கத்தியது அடுக்களை முழுக்கக் கேட்டது. "ஆப்பிள் விளையற ஸகோராவா? அது பஸ் போற ஊரும்மா!"

"தெரியும். தினமும் மைக்குல நான்தான் கத்தறேன், ஸகோரா வண்டி கிளம்புதுன்னு. அந்த மைக்கை அணைச்சுட்டுத்தான் ஒவ்வொரு பக்கமா எழுதினேன். யாரும் எனக்கு வெச்ச பெயர் இல்லை, யார்கிட்டேருந்தும் எடுத்ததும் இல்லை. போடு."

"லீடா ஸகோரா... லீடா ஸகோரா..." அவன் மென்று பார்த்தான். "சரி. ஷாம்பு இல்லை. போடறேன். மாத்த மாட்டியே?"

"மாத்த மாட்டேன்."

வைத்துவிட்டாள். நெஞ்சில் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்த கல் காணாமல் போயிருந்தது.

அர்கிரிஸ் எழுந்தார். "லீடாவா? அந்தப் பெயர்ல புனிதரே கிடையாதே! வருஷத்துல ஒரு நாள் யார் உன்னை வாழ்த்த வருவாங்க?"

"வர வேண்டாம்ப்பா."

அந்தப் பதில்தான் அவரை அடித்தது. பொய் வெளுத்துப்போனதைக்கூடத் தாங்கிக்கொண்டவர், இதைத் தாங்கவில்லை. விடுவிடென்று கூடத்துக்குப் போனார். கூடத்தில் ஃபோத்தினி அம்மாள் மூன்றாவது துண்டு கேக்கை வாயருகே கொண்டுபோயிருந்தாள்.

"எல்லாரும் மன்னிக்கணும்" என்றார். "இன்னைக்கு இந்த வீட்டுல பெயர்நாள் இல்லை. அந்தப் பெயர்ல இங்கே யாரும் இல்லை."

பால்கனி விளக்கை அணைத்தார். கூடத்து விளக்கையும் அணைத்தார். விருந்தாளிகள் இருட்டில் தங்கள் கோட்டைத் தேடித் துழாவினார்கள். "என் பெயர்நாளுக்கு நான் இப்படிப் பண்ணினா நீ சும்மா இருப்பியா, அர்கிரிஸ்?" என்று ஒருவர் முனகினார். ஃபோத்தினி அம்மாள் மட்டும் சமயோசிதமாகக் கேக்கைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டாள். வாஸோ கணவர் பக்கத்தில் போய் இருட்டிலேயே உட்கார்ந்தாள். யாரும் யாரையும் சமாதானம் செய்யவில்லை.

தெக்லா மாடிப்படிக்கு வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. தப்புச் செய்துவிட்டோமோ? எட்டு மணியும் அடித்துவிட்டது. அச்சகத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

"லீடா!"

கீழிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் சட்டென்று எட்டிப் பார்த்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நடிகை நின்றுகொண்டிருந்தாள்.

"சும்மா கூப்பிட்டுப் பார்த்தேன்" என்றாள். "திரும்பிட்டே. அப்ப அது உன் பெயர்தான்."

"போய்த் தொலை."

"போகத்தான் போறேன். நாளைக்கு டிவியில நான் எழுதலைன்னு சொல்லி என் மூக்கை நானே உடைச்சுக்கணும், உன் புண்ணியத்துல." சற்று நின்றாள். கறுப்புக் கண்ணாடியை மடக்கினாள், விரித்தாள். "நடிக்கவாவது விடுவியா? கதாநாயகி வேண்டாம். கொடியை அறுத்துவிடறாளே, அந்த அக்காக்காரி போதும்."

இவளிடமிருந்தா இப்படி ஒரு கெஞ்சல்! தெக்லா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உடனே சரி என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்."

"அடேயப்பா, அதுக்குள்ள நாடகாசிரியை ஆயிட்டே!" நடிகை சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இன்னொண்ணு. அப்பா கீழே காருல உக்காந்திருக்கார்."

"பெரியப்பாவா? இங்கேயா?"

"நான் பேசி முடிச்சதும் சித்தப்பா பால்கனிக்கு வந்து கூப்பிடுவார், மேல போகலாம்னு காத்துட்டிருக்கார். இப்ப பால்கனி விளக்கே அணைஞ்சுபோச்சு. அவர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

தெக்லா அவளைத் தாண்டிப் படியிறங்கினாள். வேகமாக, வீட்டுச் செருப்போடேயே.

தெருவோரம் சாம்பல் நிறக் கார். முன் இருக்கையில் ஒரு கிழவர், கழுத்தை வளைத்து மூன்றாம் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் அதே மூக்கு, அதே பிடிவாதமான மோவாய். தெக்லா கண்ணாடியைத் தட்டினாள். அவர் அதைப் பாதி இறக்கினார். பிறந்ததிலிருந்து அவளைக் கிட்டத்தில் பார்த்தறியாத மனிதர்.

"யாரும்மா நீ?"

தெக்லா என்று சொன்னால் போதும். அவருடைய அம்மாவின் பெயர். மனசு இளகிவிடும். ஒரே ஒரு தடவை, அப்பாவுக்காக. யாருக்குத் தெரியப் போகிறது?

"லீடா" என்றாள். "லீடா ஸகோரா. நாடகம் எழுதறவ. அர்கிரிஸ் மக."

கிழவர் அவளை உற்றுப் பார்த்தார். "அந்தப் பெயர்ல எங்க குடும்பத்துல யாரும் இல்லையே."

"இப்ப இருக்கேன், பெரியப்பா" என்று சொல்லி, காரின் கதவை வெளியிலிருந்து அவளே திறந்தாள்.